‘மனசு வைத்தால் விட்டுவிடலாம்’ என்பது பாதி உண்மை

போதைக்கு அடிமையான ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் வீடுகளில் இரண்டு தீர்ப்புகளில் ஒன்று வந்து விழும். ‘மனசு வைத்தால் விட்டுவிடலாம், அவனுக்குத்தான் மனசு இல்லை’ என்பது பழைய தீர்ப்பு. ‘எல்லாம் டோபமைன் செய்கிற வேலை, அவன் கையில் என்ன இருக்கிறது’ என்பது யூடியூப் காலத்துத் தீர்ப்பு. முதலாவது அந்த ஆளைக் குற்றவாளி ஆக்குகிறது, இரண்டாவது பொம்மை ஆக்குகிறது. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன: ஆசை என்று ஒன்று, அதை அடக்கும் கட்டுப்பாடு என்று வேறொன்று, முன்னது உடம்பின் ரசாயனம், பின்னது ஆளின் குணம். நடுவே ஒரு சுவர். மூளை ஆய்வுகள் இந்தச் சுவரைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக இடித்திருக்கின்றன. ஆசைக்கு எரிபொருளாகும் டோபமைன் என்ற மூளை ரசாயனத்தை நம்பித்தான் கட்டுப்பாடும் நடக்கிறது. கொக்கெய்ன், மெத்தாம்ஃபெட்டமின் போன்ற ஊக்கிகள் அந்த ஒரே பொருளில் கைவைப்பதால், ஆசையைப் பெருக்கும் அதே வேளையில் அதை அடக்க வேண்டிய ஆற்றலையும் அரித்துவிடுகின்றன. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே சிக்கல் அதைவிடப் பெரிது: வேலியும் பயிரும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை.

டோபமைனுக்கு ‘இன்ப ரசாயனம்’ என்ற பட்டம் கிடைத்த கதை 1954-இல் தொடங்குகிறது. கனடாவில் மாண்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலிகளின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பியைச் செருகி, ஒரு நெம்புகோலை அழுத்தினால் மின்துடிப்பு கிடைக்கும்படி செய்தார்கள். எலிகள் அழுத்திக்கொண்டே இருந்தன. பிந்தைய சோதனைகளில் மணிக்கு ஆயிரக்கணக்கான முறை அழுத்திய எலிகளும் உண்டு. இன்பத்தின் இருப்பிடமே அகப்பட்டுவிட்டது என்று உலகம் முடிவுகட்டியது; அந்த இருப்பிடத்தோடு பின்னால் டோபமைனும் சேர்த்துப் பேசப்பட்டது. ஆனால் டோபமைன் மூளையில் என்ன செய்கிறது என்பதற்கான முதல் உறுதியான தடயம் வேறு திசையைக் காட்டியது. சுவீடனின் அர்விட் கார்ல்சன் 1950-களின் பிற்பகுதியில் முயல்களுக்கு ரெசர்பைன் கொடுத்தார். நம் நாட்டு மருத்துவம் காலங்காலமாகக் கையாண்ட சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுத்த பொருள்தான் அது. மூளையின் டோபமைன் இருப்பு வற்றி, முயல்கள் அசையாமல் கிடந்தன. டோபமைனாக மாறக்கூடிய எல்-டோபாவைச் செலுத்தியதும் எழுந்து ஓடின. கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்த வரிசை ஆய்வுகளே காரணம். அந்த முயல்களுக்குத் திரும்பி வந்தது இன்பம் என்று யாரும் சொல்லவில்லை. எழுந்து நகரும் முனைப்புதான் திரும்பி வந்தது.

அந்தத் தடயத்தை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜும் டெரி ராபின்சனும் பின்னால் தெளிவாக்கினார்கள். டோபமைன் ஏறக்குறைய முழுக்க அழிக்கப்பட்ட எலிகள், எதிரில் தீனி இருந்தாலும் நகர்ந்து போய்த் தின்பதில்லை. ஊட்டாவிட்டால் பட்டினியில் சாகும். ஆனால் சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் விட்டால், மற்ற எலிகள் போலவே நாக்கைச் சுழற்றிச் சப்புக்கொட்டும். சுவை பிடித்திருக்கிறது, தேடிப்போக மட்டும் தோன்றவில்லை. தமிழில் ‘பிடிக்கும்’ என்பது ஒரு சொல், ‘வேண்டும்’ என்பது வேறு சொல். மூளையும் இவற்றை வேறு வேறாகத்தான் வைத்திருக்கிறது. டோபமைனின் பங்கு பெரும்பாலும் ‘வேண்டும்’ பக்கம். நெடுநாள் போதையில் கிடந்தவர்கள், ‘இப்போதெல்லாம் அதில் ஒரு சுகமும் இல்லை, ஆனாலும் விட முடியவில்லை’ என்று சொல்வதைப் பொய் என்றோ சாக்கு என்றோ தள்ளிவிட வேண்டியதில்லை. ‘பிடிக்கும்’ தேய்ந்துபோன பிறகும் ‘வேண்டும்’ வளர்ந்துகொண்டே போக முடியும்.

அந்த ‘வேண்டும்’ எப்படி வளர்கிறது என்பதுதான் இந்தக் கதையின் மையம். மூளை ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் டோபமைன் நரம்பணுக்களில் ஒவ்வொன்றாகக் காது வைத்துக் கேட்டவர். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால் நரம்பணு படபடவென்று துடித்தது. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, துடிப்பு விளக்குக்கு இடம் மாறியது. சாறு வரும்போது நரம்பணு சும்மா இருந்தது. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வழக்கமாக இருக்கும் துடிப்பும் அந்தக் கணத்தில் அடங்கிப்போனது. பீட்டர் டயான், ரீட் மான்டேக் ஆகியோருடன் சேர்ந்து 1997-இல் ஷுல்ட்ஸ் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு கணக்கைச் சொன்னது: டோபமைன் அளப்பது கிடைத்ததை அல்ல, கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் கிடைத்தால், ‘இதை நினைவில் வை, மறுபடி செய்’ என்று அது பதிவுபோடுகிறது. எதிர்பார்த்தபடியே கிடைத்தால் பதிவு இல்லை. அருமையான ஏற்பாடு இது. எந்த இயற்கையான இன்பமும் பழகப் பழகத் தன் பிடியைத் தளர்த்திக்கொள்வதற்கு இதுவே காரணம். மாமியார் வீட்டு விருந்தின் ருசி மூன்றாம் நாள் மங்குவதும் இந்தக் கணக்கில்தான் அடங்கும்.

ஊக்கிப் போதை இந்தக் கணக்கையே குலைக்கிறது. ஒரு நரம்பணு வெளியிடும் டோபமைன், வேலை முடிந்ததும் திரும்பி உறிஞ்சப்பட வேண்டும். அதற்கென்று நரம்பணுவின் சுவரில் புரதத்தாலான ஒரு பம்பு உண்டு. கொக்கெய்ன் அந்தப் பம்பை அடைத்துவிடுகிறது. கொழும்புப் பத்திரிகைகள் ‘ஐஸ்’ என்று எழுதும் மெத்தாம்ஃபெட்டமின் இன்னும் மூர்க்கமானது: பம்பு வழியாகவே உள்ளே நுழைந்து, சேமிப்புப் பைகளிலிருந்த டோபமைனைக் கலைத்து, பம்பைத் தலைகீழாக ஓடவைத்து வெளியே கொட்டச் செய்கிறது. போதை எவ்வளவு எதிர்பார்க்கப்பட்டதாக இருந்தாலும் இங்கே டோபமைன் உயர்ந்தே தீரும், ஏனென்றால் அதை உயர்த்துவது அனுபவமல்ல, மருந்தே. ஒவ்வொரு முறையும் மூளையின் ஏட்டில் ‘எதிர்பார்த்ததைவிட மேல்’ என்ற பொய்க்கணக்கு ஏறுகிறது. ஏமாற்றம் என்ற திருத்தம் நடப்பதே இல்லை. தாள், லைட்டர், குறிப்பிட்ட தெருமுனை, குறிப்பிட்ட நண்பனின் குரல் என்று அதைச் சுற்றியுள்ள எல்லாம் அந்தக் குரங்கின் விளக்காகிவிடுகின்றன.   

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள குழந்தைகளுக்கு மருத்துவர்கள் எழுதித்தரும் மெத்தில்ஃபெனிடேட்டும் இதே பம்பைத்தானே அடைக்கிறது? ஆமாம், அதேதான். சீபா மருந்து நிறுவனத்தின் லியாண்ட்ரோ பனிசோன் 1944-இல் அதை உருவாக்கி, மனைவி ரீட்டாவின் பெயரைத் தழுவி ரிட்டலின் என்று பெயர் வைத்தார்.  வேறுபாடு அளவிலும், அதைவிட முக்கியமாக வேகத்திலும் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு மூளைப் படங்களின் வழியே இதை அளந்தது. மாத்திரையாக விழுங்கினால் மெத்தில்ஃபெனிடேட் மூளையில் உச்சத்தைத் தொட ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும். நரம்பில் ஏற்றினால் சில நிமிடங்கள் போதும். பம்புகளில் பாதிக்குமேல் அடைபட்டிருந்தாலும் மெதுவாக அடைபட்டால் போதை ஏறுவதில்லை. சட்டென்று அடைபட்டால் ஏறுகிறது. புகைத்தும் ஊசியேற்றியும் எடுக்கப்படும் வடிவங்கள் ஏன் மிக எளிதில் அடிமையாக்குகின்றன என்பதும் இதிலிருந்து விளங்கும். அந்த மாத்திரை குழந்தையின் கட்டுப்பாட்டைக் கூட்டுகிறது என்பது என் வாதத்துக்கு எதிரானதல்ல, அதற்குச் சாட்சி. டோபமைன் ஆசையின் ரசாயனம் மட்டும்தான் என்றால், அதை உயர்த்தும் மருந்து ஒரு குழந்தையை அமைதியாக உட்காரவைப்பது எப்படி?

காரணம் நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. திட்டமிடுவது, நாளைக்காக இன்று பொறுப்பது, எழும் கையைப் பாதியில் நிறுத்துவது ஆகியவற்றை முன்மூளையின் நெற்றிப்பகுதிதான் பார்த்துக்கொள்கிறது. பெட்ரீசியா கோல்ட்மன்-ராக்கிச்சின் ஆய்வுக்கூடம் 1979-இல் குரங்குகளின் நெற்றிப்பகுதியில் டோபமைனை மட்டும் அழித்துப் பார்த்தது. ஒரு விஷயத்தைச் சில நொடிகள் மனதில் தாங்கிச் செயல்படும் திறமை, அந்தப் பகுதியையே வெட்டி எடுத்தது போல் வீழ்ந்தது. பிந்தைய ஆய்வுகள் இன்னொன்றும் காட்டின: டோபமைன் அங்கே குறைந்தாலும் கெடுதல், மிகுந்தாலும் கெடுதல். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதை இவ்வளவு துல்லியமாகக் கடைப்பிடிக்கும் இடம் உடம்பில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. இப்போது வோல்கோவின் மற்றொரு கண்டுபிடிப்பைப் பக்கத்தில் வையுங்கள். கொக்கெய்னுக்கோ மெத்தாம்ஃபெட்டமினுக்கோ அடிமையானவர்களின் மூளைப் படங்களில், மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம் பகுதியில், டோபமைனைப் பற்றிக்கொள்ளும் டி2 என்ற ஏற்பிகள் குறைவாகத் தெரிந்தன. அந்த ஏற்பிகள் எவ்வளவு குறைவோ, கண்குழிக்கு மேலே உள்ள முன்மூளையின் இயக்கமும் அந்த அளவுக்கு மந்தம். ‘இது எனக்கு எவ்வளவு முக்கியம்’ என்று எடைபோடும் பகுதி அதுதான். கீழே அடிபட்டால் மேலே விளக்கு மங்குகிறது. மற்ற எல்லாச் சுகங்களும் வெளிறிப்போக, போதையின் அழைப்பு மட்டும் முழுக் குரலில் ஒலிக்க, தீர்ப்புச் சொல்ல வேண்டிய நீதிபதி அரைத்தூக்கத்தில் இருக்கிறார்.

இதெல்லாம் கெட்ட சேர்க்கையில் விழுந்தவர்களின் கதைதானே, கட்டுப்பாடு இல்லாதவர்கள்தானே போதைப் பக்கமே போனார்கள் என்று கேட்கலாம். அப்படிக் கேட்பவர்கள் பார்க்கின்சன் நோயாளிகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வாழ்க்கை முழுவதும் ஒழுங்காக இருந்தவர்கள், வயதான காலத்தில் கை நடுக்கத்துக்காக, டோபமைன் ஏற்பிகளைத் தூண்டும் பிராமிபெக்சோல் போன்ற மருந்துகளை எடுக்கத் தொடங்குகிறார்கள். அவர்களில் சிலர் திடீரென்று சூதாட்டத்திலும், கண்மூடித்தனமாகப் பொருள் வாங்குவதிலும் இறங்கிவிடுகிறார்கள். 2010-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு 3,090 நோயாளிகளைப் பரிசோதித்தது. இவ்வகை மருந்து எடுத்தவர்களில் 17 சதவீதத்தினருக்கு இப்படி ஏதேனும் ஒரு கட்டுப்பாட்டுச் சிதைவு இருந்தது, எடுக்காதவர்களிடம் ஏழு சதவீதம் அளவில்தான். மருந்தைக் குறைத்தால் பலருக்கு அது விலகுகிறது. அறுபது வருடம் குணம் என்று நாம் கருதிய ஒன்று, மாத்திரையோடு போய் மாத்திரை குறைந்ததும் திரும்பி வருமானால், குணம் என்ற சொல்லை நாம் கொஞ்சம் நிதானமாகப் பயன்படுத்துவது நல்லது.

ஆனாலும் அந்தக் கேள்வியை முழுக்கத் தட்டிவிடவும் முடியாது. குறைந்த டி2 ஏற்பிகள் போதையின் விளைவா, அல்லது போதைக்கு முன்பே இருந்த குறையா? இதில் ஆய்வுகளின் விடை: இரண்டும். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2007-இல், பொறுமையில்லாமல் முந்திக்கொண்டு செயல்படும் எலிகளைத் தனியே பிரித்தார்கள். கொக்கெய்னை ஒருமுறைகூடத் தொடாத நிலையிலேயே அவற்றின் ஸ்ட்ரையேட்டத்தில் இவ்வகை ஏற்பிகள் குறைவாக இருந்தன. பின்னால் கொக்கெய்ன் கிடைத்தபோது அவைதாம் அதிகம் எடுத்தன. அதே ஊரின் கேரன் எர்ஷே 2012-இல் மனிதர்களிடம் இதைத் தேடினார். ஊக்கிகளுக்கு அடிமையான ஐம்பது பேரையும், போதையே இல்லாத அவர்களது உடன்பிறந்தோர் ஐம்பது பேரையும் ஒப்பிட்டார். தொடங்கிய செயலைச் சட்டென்று நிறுத்தும் சோதனையில் இரு தரப்பினருமே மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். மூளையின் அமைப்பிலும் இருவருக்கும் ஒத்த மாறுபாடுகள். இங்கேதான் உற்றுக் கவனிக்க வேண்டும். ஒரே வீட்டில், ஒரே குறையுடன் வளர்ந்த இருவரில் ஒருவர் அடிமையானார், மற்றவர் ஆகவில்லை. பிறவிக் குறை ஆபத்தைக் கூட்டுகிறது, தலையெழுத்தை எழுதுவதில்லை.

மிச்சத்தை எழுதுவதில் சூழலுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதற்கு ஆய்வாளர் மைக்கேல் நேடரின் குரங்குகள் சாட்சி. தனித்தனிக் கூண்டில் இருந்தபோது அவற்றின் டி2 அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. கூட்டமாக விட்டு, யார் தலைவன் யார் அடங்கிப்போகிறவன் என்பது தீர்மானமானதும், தலைமைக் குரங்குகளின் ஏற்பிகள் ஏறக்குறைய 20 சதவீதம் கூடின. கொக்கெய்ன் கிடைத்தபோது அதில் அதிகம் நாட்டம் காட்டியது அடங்கிப்போன குரங்குகள்தாம். வாழ்க்கையில் ஓர் இடம் கிடைப்பது மூளையின் ஏற்பிகள் வரை போய் எட்டுகிறது. எலியையும் குரங்கையும் காட்டி மனிதனைப் பற்றிப் பேசலாமா என்று ஐயப்படுவது சரிதான். ஒரு விலங்குச் சோதனை தனியாக எதையும் மெய்ப்பிக்காது. மனித மூளைப் படமும், மருந்தின் பக்கவிளைவும், விலங்குச் சோதனையும் ஒரே திசையில் கைகாட்டும்போதுதான் அதை நம்புகிறோம்.

இனி, மிகக் கடினமான மறுப்பு. மூளையே இப்படிக் கடத்தப்பட்டுவிட்டது என்றால் எவராலும் போதையை விடவே முடியாதே? விடுகிறார்களே! கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கார்ல் ஹார்ட், மெத்தாம்ஃபெட்டமினுக்கு அடிமையானவர்களை ஆய்வுக்கூடத்தில் வைத்து, ஒரு வேளை போதையா, ஐந்து டாலரா என்று கேட்டார். ஏறக்குறைய பாதி முறை பணத்தை எடுத்தார்கள். இருபது டாலர் என்றதும் அநேகமாக எப்போதும் பணம்தான். ஜப்பானைப் பாருங்கள். மெத்தாம்ஃபெட்டமின் அங்கே 1893-இல் நாகாய் நாகயோஷி முதன்முதலில் உருவாக்கிய பொருள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ‘ஹிரோபொன்’ என்ற பெயரில் கடையில் விற்றது. தோல்விக்குப் பின் அது நாடெங்கும் பரவி, 1954-இல் மட்டும் 55,000-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை சில நூறாகச் சுருங்கியது. சட்டம் இறுகியது, கூடவே வேலையும் பெருகியது. சிலகாலம் கழித்து அது திரும்பி வந்தது என்பதும் உண்மையே. ஆனால் அந்த நான்கைந்து ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோரின் மனவுறுதி ஒரே சமயத்தில் ஓங்கி வளர்ந்தது என்று சொல்ல முடியுமா? டோபமைன்தான் ஒரே சமயத்தில் திருந்தியது என்றும் சொல்ல முடியாது.

இதைத்தான் ‘பாதி உண்மை’ என்றேன். அடிமையானவரின் தேர்வு செய்யும் ஆற்றல் சாகவில்லை. அதன் பார்வை குட்டையாகிவிட்டது. அருகில், உறுதியாக, உடனே கிடைப்பதை அதனால் எடைபோட முடியும். தொலைவில் இருக்கும் உடல்நலம், குடும்ப மானம், வேலை போன்றவை மங்கலாகிவிடுகின்றன. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் 1990-களின் தொடக்கத்தில் கொக்கெய்ன் அடிமைகளுக்குச் செய்த சிகிச்சை இந்தப் புரிதலின் மேல் நிற்கிறது. சிறுநீர்ச் சோதனையில் போதை இல்லை என்றால் பொருளாக மாற்றிக்கொள்ளத்தக்க ஒரு சீட்டு அப்போதே கிடைக்கும். தொடர்ந்து தேறினால் சீட்டின் மதிப்பு ஏறும். தவறினால் மறுபடி அடியிலிருந்து. சீட்டு பெற்ற குழுவில் 75 சதவீதம் பேர் 24 வாரச் சிகிச்சையை முடித்தார்கள். பெறாத குழுவில் 40 சதவீதம். குடிகாரனுக்கும் கஞ்சாக்காரனுக்கும் பரிசா என்று முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. ஆனால் இதுவரை கொக்கெய்னுக்கோ மெத்தாம்ஃபெட்டமினுக்கோ அமெரிக்க மருந்து ஒழுங்காற்று அமைப்பு ஏற்றுக்கொண்ட மருந்து ஒன்றுகூட இல்லை. 2021-இல் வெளியான, நால்ட்ரெக்சோனையும் புப்ரோபியானையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த சோதனையில் பலன் கண்டவர்கள் 13.6 சதவீதம், போலி மருந்து பெற்றவர்களில் 2.5 சதவீதம். நல்ல தொடக்கம்தான், ஆனால் நூறில் எண்பத்தாறு பேருக்கு அது உதவவில்லை. கையிலிருப்பதில் நன்றாக வேலை செய்வது அந்தச் சீட்டுத்தான்.

அப்படியானால் அந்த ஆளுக்குப் பொறுப்பே கிடையாதா என்றால், கிடையாது என்று நான் சொல்லவில்லை. கால் முறிந்தவரிடம் நடக்கும் பொறுப்பு இருக்கிறது. ஆனால் ஊன்றுகோலையும் நாளவகாசத்தையும் கொடுத்த பிறகுதான் நடக்கச் சொல்கிறோம். போதைப் பொருளையும் அதை நினைவூட்டும் ஆளையும் தெருவையும் விட்டு விலகுவது, கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளாமல் இருப்பது, நாள்தோறும் முகம் காட்ட வேண்டிய ஒரு வேலை, தேறிய நாளைக் கவனித்துப் பாராட்ட ஓர் ஆள் ஆகியவை அவருக்கு ஊன்றுகோல். நாள் எவ்வளவு என்பதற்கு வோல்கோவின் குழு 2001-இல் ஒரு விடை தந்தது. மெத்தாம்ஃபெட்டமினை விட்ட ஐந்து பேரின் மூளையை, அவர்கள் அதை விட்டு ஓராண்டாவது ஆன பிறகு மீண்டும் படமெடுத்தபோது, சிதைந்திருந்த டோபமைன் பம்புகள் ஸ்ட்ரையேட்டத்தில் 16 முதல் 19 சதவீதம் வரை மீண்டிருந்தன. நினைவாற்றலும் கைவேகமும் அதே அளவுக்கு மீளவில்லை. ஆக, ஒரு மாதச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர் மூன்றாம் மாதம் தடுமாறினால், ‘இவ்வளவு செலவழித்தும் திருந்தவில்லையே’ என்று கணக்கை மூடிவிடாதீர்கள். அவர் மூளையின் பழுது பார்க்கும் வேலை அப்போது பாதிகூட முடிந்திருக்காது.